சனிக்கிழமை கிழக்கே சூலம்

மியூனிக்கிலிருந்து பிராக் நகருக்கு நேர் ரயில் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். செக் நாடு 2007 முதல் ஷெங்கன் வட்டத்துக்குள் இருப்பதால், கோடையை எங்களோடு கழிக்க வந்திருக்கும் மாமனார், மாமியாரின் விசாவே அங்கும் செல்லும். பெந்தகோஸ்தே திங்களுக்குப் பவேரியாவில் விடுமுறை. ஆக சனி, ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. இதைவிடச் சுலபமான பயணம் உண்டா என்று கேட்பவர்கள், அரசாங்கத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற மாமனாரோடு உட்கார்ந்து பயணத் திட்டம் போட்டுப் பார்க்காதவர்கள்.

நான் எக்ஸெல் கட்சி. எந்த ஊருக்குப் போவதென்றாலும் மணிவாரியாகக் கட்டம் கட்டி, கோட்டைக்கு மஞ்சள், சாப்பாட்டுக்குப் பச்சை என்று நிறம் தீட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும். மாமா பஞ்சாங்கக் கட்சி. கும்பகோணத்திலிருந்து வரும்போதே பாம்புப் பஞ்சாங்கத்தை மாவடு பாட்டிலுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தவர். என் ஷீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, முதல் கட்டத்திலேயே விரலை வைத்தார்.

"சனிக்கிழமை காலைல ஒன்பதரைக்குக் கிளம்பறதாப் போட்டிருக்கீங்களே மாப்ளே, அது ராகு காலமாச்சே?"

"பத்தரைக்கு முடிஞ்சுடுமே மாமா. அதுக்கு அடுத்த வண்டியப் பாக்கலாம்."

"பத்தரைங்கறது நம்ம ஊர்க் கணக்கு. ஆறு மணிக்குச் சூரியன் வந்து ஆறு மணிக்குப் போற ஊருக்கு. இங்க எப்ப விடியறது?"

ஜூன் மாதம் மியூனிக்கில் ஐந்தே காலுக்கே விடிந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மனசு வந்து இறங்கும். அந்தப் பகல் முழுவதையும் எட்டால் வகுத்து, சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கை எடுத்து, காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒன்பதே காலுக்கு உட்கார்ந்தால் பதினொன்றே காலுக்குத்தான் எழுந்திருப்பாராம். ஊரில் ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ளும் ராகு, பவேரியாவில் ஓவர்டைம் பார்க்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தொழிற்சங்கங்கள் என்ன செய்கின்றனவோ.

கூடவே சனிக்கிழமை கிழக்கே சூலம். என் போனில் திசைகாட்டியைத் திறக்கச் சொன்னார். பிராக் வடகிழக்கில் இருந்தது. "பாதி சூலம்," என்று தீர்ப்பு வந்தது. பரிகாரம் தயிர். அந்த மட்டில் பிழைத்தோம், ஜெர்மனியில் தயிருக்குப் பஞ்சமில்லை.

சரி, பஞ்சாங்கத்தை மடக்க நவீன ஐரோப்பாவின் நேர ஒழுங்கைக் காட்டலாம் என்று பிராக்கில் பார்க்க வேண்டிய இடங்களின் திறப்பு நேரங்களை எடுத்துப் போட்டேன். யோசேஃபோவ் என்ற பழைய யூதர் பகுதி, முதலில் பார்க்க நினைத்த இடம். அங்கே 13ஆம் நூற்றாண்டில் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்து, மேலே சுமார் 12,000 கற்கள் நெருக்கியடித்துச் சாய்ந்து நிற்கின்றன. சனிக்கிழமை அங்கே போக முடியாது, சபாத். கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்துக்கு ஞாயிறு காலையில் போக முடியாது, பூசை. மதியம்தான் சுற்றுலாக்காரர்களை விடுவார்கள். திங்கட்கிழமை தேசிய ஓவியக்கூடத்துக்கு விடுமுறை.

மாமா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ரொம்ப அமைதியாகச் சொன்னார்: "சனிக்கிழமை ஒருத்தருக்கு ஆகாது, ஞாயித்துக்கிழமை கார்த்தால ஒருத்தருக்கு ஆகாது, திங்கக்கிழமை படம் பாக்க ஆகாது. அவா கதவுல எழுதித் தொங்க விடறா. நாம புஸ்தகமாப் போடறோம். அவ்வளவுதானே மாப்ளே?"

நான் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எஞ்சினியராயிற்றே, பாலம் என்றால் உற்சாகமாகிவிடுவார் என்று சார்லஸ் பாலத்தைப் பற்றி ஆரம்பித்தேன். வல்தாவா ஆற்றின் குறுக்கே 516 மீட்டர் நீளம், பதினாறு வளைவுகள், இருபுறமும் முப்பது சிலைகள். அதற்கு முன்பு அங்கே இருந்த யூதித் பாலத்தை 1342இல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பேரரசர் நான்காம் சார்லஸ் புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். எப்போது? இங்கேதான் என் கட்சி டெபாசிட் இழந்தது. 1357ஆம் வருஷம், 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிஷம். வரிசையாக எழுதினால் 135797531. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். சோதிடர்களும் எண்கணிதக்காரர்களும் குறித்துக் கொடுத்த நேரம் என்று பிராக்கில் சொல்லிக்கொள்வார்கள்.

மாமா அந்த எண்ணைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதி, இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சரிபார்த்தார். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "முகூர்த்தம் பாத்திருக்கான் மனுஷன்!" என்றார். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"1890 வெள்ளத்துல சில வளைவுகள் இடிஞ்சு போச்சு மாமா," என்றேன், எதிர்க்கட்சியின் கடமையாக.

"533 வருஷம் கழிச்சு! அதுக்கு மேல எவன் கேரண்டி குடுப்பான்?"

அவர் உற்சாகத்தில் பங்கெடுக்கலாமே என்று இன்னொரு கதையும் சொன்னேன். பாலத்தின் சாந்து இறுக வேண்டும் என்று பொஹீமியா முழுவதிலுமிருந்து முட்டை வரவழைத்துக் கலந்தார்களாம். வெல்வரி என்ற ஊர்க்காரர்கள், வழியில் உடையாமலிருக்க, வேகவைத்து அனுப்பினார்களாம். மாமா சிரித்தார். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு பூசியதை அவரே பார்த்திருக்கிறார். ஆனால் சமையலறையிலிருந்து அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"முட்டை போட்ட பாலமா?"

அத்தை முட்டை கலந்த கேக் இருக்கும் தட்டைக்கூடத் தொடமாட்டார். இந்தக் கோணத்தை எந்தப் பயண நூலும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆற்றின் இரு கரைகளையும் பார்க்காமல் பிராக்கைப் பார்க்க முடியாது என்று நான் வாதாடினேன். 1841 வரை அந்த ஊருக்கே அது ஒன்றுதான் பாலம். இப்போது பக்கத்திலேயே வேறு பாலங்கள் இருக்கின்றன, டிராமும் போகிறது. நாங்கள் முட்டையில் நடந்து போவது, அத்தை டிராமில் வருவது, எதிர்க்கரையில் சேர்ந்துகொள்வது என்று ஷீட்டில் ஒரு கட்டத்தை இரண்டாகப் பிளந்தேன். "22ஆம் நம்பர் டிராம் கோட்டை வரைக்கும் ஏறிடும்" என்றதும் அத்தையின் முழங்கால்கள் அந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தன. பிராக் தெருக்கள் முழுக்கப் பொடிக்கல் பாவியவை. கோட்டைக்குப் போகும் வழி ஏற்றம் வேறு.

பேராலயம் கட்டிய கதையும் மாமாவுக்குப் பிடித்தது. 1344இல் வேலை ஆரம்பம். முதல் கட்டடக் கலைஞர் பாதியில் இறந்துபோக, பேத்தர் பார்லர் என்ற இருபத்துச் சொச்ச வயதுப் பையனிடம் வேலையை ஒப்படைத்தார்கள். அவரும் அவர் பிள்ளைகளும் கட்டிக்கொண்டிருக்கும்போதே காலம் மாறி, ஹுஸைட் சண்டைகள் வந்து, பணமும் வராமல் போய், அரைகுறையாக நின்ற கோயிலை 19ஆம் நூற்றாண்டில் மறுபடி கையிலெடுத்து, 1929இல் முடித்தார்கள்.

"585 வருஷம்," என்று மாமா மனக்கணக்குப் போட்டார். நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மதகு ஆறு மாசம் தள்ளிப் போனதுக்கு என்கிட்ட விளக்கம் கேட்டா, தெரியுமோ?"

பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரத்தை மட்டும் மாமாவிடமிருந்து மறைத்துவிடலாமென்று நினைத்தேன். நடக்கவில்லை, என் மனைவி யூடியூபில் காட்டிவிட்டாள். 1410இல் செய்தது, இன்றும் ஓடுகிறது. மணிக்கொரு தரம் எலும்புக்கூடு ஒன்று மணியடிக்க, பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் ஜன்னலில் வரிசையாகத் தலைகாட்டிப் போவார்கள்; கடைசியில் பொன் சேவல் கூவும். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் இந்தக் காட்சிக்காக அரை மணி முன்பிருந்தே கூட்டம் அண்ணாந்து நிற்கும். எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. மாமா சேவலைப் பார்க்கவில்லை, முகப்பைப் பார்த்தார். பன்னிரண்டு ராசிகள். சூரியன் எந்த ராசியில், சந்திரன் எந்த ராசியில். அஸ்தமனத்திலிருந்து எண்ணும் பழைய செக் நேரம் வெளிவட்டத்தில். உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலைப் பன்னிரண்டாகப் பிரித்துக் காட்டும் வளைகோடுகள். பகல் நீண்டால் அந்த மணியும் நீளும்.

"நான் சொன்ன அதே கணக்கு!" என்று துள்ளினார். கீழே இருக்கும் இன்னொரு வட்டத்தில் வருஷத்தின் ஒவ்வொரு நாளும் அந்தந்தப் புனிதர் பெயரோடு எழுதியிருக்கிறது. "ஊர் நடுவுல பஞ்சாங்கத்தைச் சுவத்துல மாட்டி வெச்சிருக்கான். நீங்க என்னடான்னா எக்ஸெல் போடறீங்க."

அதே ஊரில்தான் இரண்டாம் ருடால்ஃபின் அரசவையில் கெப்ளர் வேலை பார்த்தார். கோள்களின் ஓட்டத்துக்கு விதி எழுதிய அந்த மேதை, பிழைப்புக்காக ஜாதகமும் கணித்துக் கொடுத்தவர். இதை நான் சொல்லவில்லை. மாமாவே தேடிப் படித்து, காலை காபியின்போது எனக்குச் சொன்னார்.

கெப்ளருக்கு முன்பு அந்த வேலையில் இருந்த டைகோ பிராஹேயால் மட்டும் எனக்கு ஒரு உபகாரம் நடந்தது. 1601 அக்டோபரில் ஒரு விருந்துக்குப் போனவர், நடுவில் எழுந்து போவது மரியாதையில்லை என்று சிறுநீரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். வீடு திரும்பியதும் அடைத்துக்கொண்டு, பதினோரு நாளில் உயிர் போயிற்று. கல்லறை அதே சதுக்கத்தில், டீன் தேவாலயத்துக்குள் இருக்கிறது. மாமாவுக்கு மணிக்கொரு தரம் போயாக வேண்டும். ஆனால் காசு கொடுத்துப் போகும் கழிப்பறையைக் கண்டால், கொள்கையாக, திரும்பி வந்துவிடுவார். டைகோ கதையைக் கேட்டதிலிருந்து சில்லறைக்கென்று தனிப் பர்ஸ் ஏற்பாடு செய்துகொண்டார். யூரோ அல்ல, கொருனா. அங்கே இன்னும் அவர்கள் காசுதான். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 25 கொருனா. ஷீட்டில் கழிப்பறைக்கு ஊதா நிறம் கொடுத்தேன். இப்போது மஞ்சளைவிட ஊதாதான் அதிகம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் பியருமாக வாழும் ஊர். பொரித்த பாலாடைக்கட்டி கிடைக்கும். பழத்தை மாவுக்குள் வைத்து வேகவைத்த உருண்டை ஒன்று உண்டு, பூரணக் கொழுக்கட்டை வெள்ளைக்காரன் வீட்டில் வளர்ந்த மாதிரி இருக்கும். முட்டை இல்லாமல் செய்வார்களா என்று அத்தை கேட்டார். அன்று மாலையே புளிக்காய்ச்சல் கிளற ஆரம்பித்துவிட்டார்.

இத்தனைக்கும் பிறகு முதல் கட்டம் அப்படியே நின்றது: சனிக்கிழமை, ஒன்பதரை. நான் டிக்கெட் மலிவு என்றேன். மாமா ராகு என்றார். என் மனைவி இருவரையும் பார்த்து, பிராக்கில் கூட்டம் இப்படி முற்றினால் என்ன செய்வார்கள் தெரியுமா என்று கேட்டாள். ஜன்னலைத் திறப்பார்கள். 1419இல் ஒரு தடவை நகரமன்றத்தாரைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். 1618இல் கோட்டை ஜன்னல் வழியாகப் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும், குறிப்பெடுக்க வந்த பாவப்பட்ட செயலாளர் ஒருவரையும் எறிந்தார்கள். இருபது மீட்டர் உயரம், மூவரும் பிழைத்தார்கள். மாதாவே தாங்கினாள் என்றது கத்தோலிக்கர் தரப்பு. சாணிக்குவியல் தாங்கியது என்றது மறுதரப்பு. செயலாளருக்கு அப்புறம் பிரபுப் பட்டம் கொடுத்து, பெயரோடு 'உயர வீழ்ச்சி' என்றும் சேர்த்தார்கள். அந்த எறிதலில் பிடித்த நெருப்பு முப்பதாண்டுப் போராக எரிந்தது. "நம்ம வீடு நாலாவது மாடி," என்று முடித்தாள். கீழே சாணியும் கிடையாது. முனிசிபாலிட்டி சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிறது.

வழி சொன்னது அத்தை. "பரஸ்தானம் வெச்சுட்டாப் போறது. இதுக்கா இவ்வளவு பேச்சு?"

நல்ல நேரத்தில் ஒரு பையை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. மறுநாள் ராகுவோ குளிகனோ, பையை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். மாமாவால் மறுக்க முடியவில்லை, அவர் கட்சியின் சட்டமாயிற்றே. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேஷ்டி, விபூதிச் சம்புடம், பஞ்சாங்கம் அடங்கிய மஞ்சள் பையோடு எதிர் ஃபிளாட் ஜெர்மன் பாட்டியின் கதவைத் தட்டினோம். ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவி கொடுப்பது இங்கே வழக்கம். பை கொடுப்பது பாட்டிக்குப் புதிது. "சரி, எப்போது திரும்பி வந்து எடுத்துக்கொள்வீர்கள்?" என்றார். "நாளைக் காலை, கிளம்பும்போது," என்றேன். "அப்படியானால் எதற்கு என்னிடம்?" என்றார். ராகுவின் ஓவர்டைமை ஜெர்மன் மொழியில் விளக்க எனக்குத் தெம்பில்லை. இந்தியப் பழக்கம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பைக்குள் போட்டார். பிராக்கிலிருந்து பெஹெரோவ்கா ஒரு பாட்டில், பெரியது.

"என்னது அது மாப்ளே?"

1807இலிருந்து கார்லோவி வாரி ஊரில் மூலிகை போட்டுத் தயாரிக்கிறார்கள், ஆரம்பத்தில் வயிற்றுக்கு மருந்தாகத்தான் விற்றார்கள் என்று சொன்னேன். அத்தனையும் உண்மை. 38 சதவீதம் சாராயம் என்பதை அவரும் கேட்கவில்லை.

"கஷாயமா? வயசானவா கேக்கறா, மறந்துடப்படாது," என்றார் மாமா. என் லேப்டாப்பைத் தானே திறந்து, திங்கட்கிழமைக் கட்டத்தில், நல்ல நேரம் பார்த்து ஒன்றரை மணிக்கு நேராக ஒற்றை விரலால் தட்டினார்: 'பாட்டிக்குக் கஷாயம் வாங்குவது. பொறுப்பு: மாமா.'