தரவரிசையார்

ஒரு நாட்டின் வரலாற்றில் எல்லாரினும் பெரியவர் எவர் என்ற வினாவைத் தாமே எழுப்பி, அதற்குரிய விடையையும் முன்கூட்டியே தீர்மானித்து வைத்துக்கொண்டு, எதிரில் அகப்பட்டவர் அந்த விடைக்கு வந்து சேரும்வரை அவரை எழுந்துபோக விடாதவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள் எனினும், தருமபுரி மாவட்டத்தில் காணப்படும் வகையினர் தனித்து ஆராயத் தக்கவர்கள். வசதி கருதி இவ்வகையினரைத் 'தரவரிசையார்' என்று அழைக்கலாம். இவர் பெரும்பாலும் ஐம்பத்தைந்தைக் கடந்தவர். ஓய்வுபெற்ற அரசு ஊழியராகவோ, பட்டுக்கூடு விற்றுவரும் விவசாயியாகவோ, மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் காலையில் வேறு வேலை இல்லாதவராகவோ இருப்பார். டீக்கடைப் பெஞ்சில் சுவரை ஒட்டிய முனை அவருடையது. கையில் இருக்கும் நாளிதழ் நீளவாக்கில் நான்காக மடிக்கப்பட்டிருக்கும். அது படிப்பதற்குரியதன்று, ஒவ்வொரு பேரரசரையும் தள்ளுபடி செய்யும்போது தொடையில் ஓங்கித் தட்டுவதற்குரியது. சமுத்திரகுப்தருக்கு ஒரு தட்டு, அக்பருக்கு ஒரு தட்டு என வடநாடு காலை ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும் என்பதால், அதற்குப் பிறகு வருபவர்களுக்குத் தென்னாட்டு அரசர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். அசோகர் மட்டும் தப்புவார். அதற்குரிய காரணம் பின்னர் வரும்.

தரவரிசையாரின் வாதமுறையில் முதல் விதி, பெயரைத் தாம் முதலில் சொல்லாதிருத்தல். எதிராளி இராசராச சோழனைச் சொன்னால், கிளாஸைக் கீழே வைத்து, "பெரிய ஆளுதானுங்க, யாரு இல்லைன்னாங்க?" என்று முழு மனத்துடன் ஒப்புக்கொள்வார். இந்த ஒப்புதலைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் அனுபவமில்லாதவர்கள். அடுத்து வரும் 'ஆனா' என்ற சொல்லுக்குப் பின் அளவுகோல் மாறிவிடும். "கோயில் கட்டினாரு, சரி, ஊர்க் காசுல கட்டினாரு. தன் வாய்க்குப் போக வேண்டியதை எடுத்து யாருக்காச்சும் குடுத்தாருங்களா?" என்று அவர் கேட்கும்போது, தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 200 அடிக்கு மேல் உயர்ந்திருப்பதால் பயனொன்றும் இல்லை என்பது எதிராளிக்கு விளங்கத் தொடங்கும். கடல் கடந்து படை செலுத்திய இராசேந்திரன், காடு கொன்று குளம் தொட்ட கரிகாலன் என எவரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், இறுதியில் அவர்கள் அனைவரும் எழுதவேண்டிய தேர்வு ஒன்றே. அது நெல்லிக்கனித் தேர்வு.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதைச் சங்க காலத்தில் ஆண்ட குறுநில மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி. கடையெழு வள்ளல்கள் எனப்படும் பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என்னும் எழுவருள் அதிகன் என்று சுட்டப்படுபவன் இவனே. ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த, நெடுநாள் வாழவைக்கும் என்று நம்பப்பட்ட நெல்லிக்கனியை, அதன் சிறப்பை வெளியே சொல்லாமல், தான் உண்ணாது ஔவைக்கு அளித்தான் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. இதைத் தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். தரவரிசையாரின் தனித்தன்மை, உலக வரலாற்றை முழுவதும் இதைக் கொண்டே அளப்பதில்தான் இருக்கிறது. அலெக்சாண்டர் பாதி உலகை வென்றவர், ஆனால் முப்பத்துமூன்று வயது நிறையுமுன் இறந்தவர். "அந்தக் கனி கிடைச்சிருந்தா தானே தின்னிருப்பாருங்க" என்று கிரேக்கக் கணக்கை அவர் முடித்துவைப்பார். இதற்கு மறுமொழி சொல்லக்கூடிய வரலாற்றாசிரியர் எவரும் இதுவரை பிறக்கவில்லை.

அசோகர் தப்பிய காரணத்தை இனிச் சொல்லலாம். மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்தமை பற்றிப் பேசும் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், தம் ஆட்சிக்கு அப்பாற்பட்ட தென்னாட்டவராகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரர் என்பவரையும் அசோகர் குறிப்பிடுகிறார். இந்தச் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடிவந்த நிலையில், திருக்கோவிலூர்ப் பக்கத்தில் உள்ள ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, துறவியர் தங்குவதற்கான பாழியை, அதாவது குகை உறைவிடத்தை, அளித்த அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுத்திரன் என்ற அடைமொழியுடன் குறித்திருந்தது. அறிஞர்களுக்கு அது ஒரு மரபுப் பெயர்ச் சிக்கலின் தீர்வு. தரவரிசையாருக்கோ, அசோகர் தருமபுரிக்கு எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ். "அசோகரே கல்லுல வெட்டி வெச்சிருக்காரு" என்று சொல்லும்போது அவர் குரலில், அசோகர் வேறொன்றையும் வெட்டவில்லை என்பது போன்ற உறுதி இருக்கும். கல்வெட்டு கிடைத்த இடம் தருமபுரி மாவட்டத்தில் இல்லையே என்று எவரேனும் இழுத்தால், அரூர்ப் பக்கம் ஓடும் தென்பெண்ணைதான் அங்கும் போகிறது என்பார். ஆற்று நீருக்கு மாவட்ட எல்லை இல்லை என்ற இந்தக் கொள்கையை அவர் எல்லாருக்கும் பொருத்துவதில்லை என்பதை இராசாசியின் கதையிலிருந்து அறியலாம்.

சேலம் மாவட்டத்திலிருந்து பிரித்துத் தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று உருவாக்கப்பட்டபோது, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியும் அதனுள் அடங்கியது. 1878ஆம் ஆண்டு அங்கே பிறந்து, சுதந்திர இந்தியாவின் தலைமை ஆளுநர் பதவிவரை சென்ற சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார், அதனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தரவரிசையாரின் பட்டியலில் மூன்றாம் இடத்தை இழக்காமல் இருந்தார். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தொரப்பள்ளி அப்பக்கம் போயிற்று, இராசாசியும் போனார். இறந்து முப்பத்தோர் ஆண்டுகள் ஆன ஒருவரின் பெருமை ஓர் அரசாணையால் குறையக்கூடும் என்பதை அரசியல் அறிவியல் நூல்கள் இன்னும் கவனத்தில் கொள்ளவில்லை. காலியான இடத்துக்குச் சுப்பிரமணிய சிவா உயர்த்தப்பட்டார். வத்தலக்குண்டில் பிறந்து, 1908ஆம் ஆண்டு வ.உ.சி.யுடன் சிறை புகுந்து, அங்கே தொழுநோய் பற்றி, அந்நோயுடனே ஊர் ஊராகச் சென்று பேசிய சிவா, பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்து, சித்தரஞ்சன் தாசைக் கொண்டு அடிக்கல்லும் நாட்டுவித்து, 1925 சூலை 23 அன்று அவ்வூரிலேயே உயிர் நீத்தார். அவர் மூன்றாம் இடத்துக்கு அன்று, முதலிடத்துக்கே தகுதியுடையவர் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆயினும் விதியைப் பார்க்க வேண்டும்: இராசாசிக்குப் பிறந்த ஊர் கணக்கில் கொள்ளப்பட்டது, சிவாவுக்கு மறைந்த ஊர் கணக்கில் கொள்ளப்படுகிறது. தாமஸ் மன்றோ பிறந்ததும் இங்கன்று, மறைந்ததும் இங்கன்று. ஆனால் 1792 முதல் 1799 வரை, இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதியை உள்ளடக்கிய பாராமகாலில், அலெக்சாண்டர் ரீடின் கீழ் பணியாற்றியவர். இடையில் ஜமீன்தார் நில்லாமல் உழவரிடமே அரசு வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருப்பெற்றது இம்மண்ணில் என்பதால், வாடகைக்குக் குடியிருந்தவர் என்ற தகுதியில் அவருக்கும் ஏழாம் இடம் உண்டு.

தரவரிசையாரின் முழு ஆற்றலும் வெளிப்படுவது, வேற்று மாவட்டத்தைச் சேர்ந்த மற்றொரு தரவரிசையாரைத் திருமணப் பந்தியில் பக்கத்து இலையில் சந்திக்கும்போதுதான். கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருப்பதால், அங்கிருந்து வருபவர் வல்வில் ஓரியின் சார்பாளர். ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் கிடந்த உடும்பில் தைத்து நின்றது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருப்பதை அவர் ரசம் வருமுன் எடுத்து வைப்பார். நம்மவர் சற்றும் அசையாமல், "1972ஆம் வருசத்துச் சட்டப்படி அஞ்சு கேசுங்க, மச்சான்" என்பார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இவ்வாறு முன்தேதியிட்டுப் பாய்ச்சியதை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொள்ளாது. மலையில் பறித்த நெல்லிக்காய் சிறு வனமகசூல், அதாவது காட்டிலிருந்து சேகரிக்கும் தேன், கடுக்காய் போன்ற பொருள்களின் வகையைச் சேர்ந்தது, அதைப் பறிக்க வனத்துறையிடம் அனுமதி வாங்கிய சான்று உண்டா என்று மறுகேள்வி வரும். மோர் ஊற்றுபவர் இருமுறை வந்து திரும்பிப் போவார். இருவரும் உறவுமுறையினர் ஆதலால் வழக்கு ஒத்திவைக்கப்படும், தீர்க்கப்படாது.

இத்தனை விவாதங்களிலும் ஔவையின் இடம் யாது என்று கேட்டால், கனியைப் பெற்றுக்கொண்டவர் என்பதே தரவரிசையாரின் விடையாக இருக்கும். தொண்டைமானிடம் தூது சென்று, அவன் படைக்கலக் கொட்டிலில் ஆயுதங்கள் மாலை சூடி நெய் பூசிப் பளபளப்பதைப் புகழ்வதுபோல் புகழ்ந்து, தன் மன்னனுடையவை போரில் முனை முறிந்து கொல்லன் உலையில் கிடப்பதைச் சொல்லி, ஒரே பாட்டில் எச்சரித்துத் திரும்பியவர் ஔவை. அதியமானைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பங்கு அவர் பாடியதனாலேயே அறியப்படுகிறது. கனியைக் கொடுத்தவன் மறைந்தபின் அதை உண்டவர் பாடி வைத்த பாடல்களைக் கொண்டே கொடுத்தவனுக்கு முதலிடம் கோரப்படுகிறது என்பதை, டீ வாங்க வந்த தமிழாசிரியை ஒருவர் சொல்லிவிட்டால், நாளிதழ் தொடையை நோக்கிப் பாதிவழி சென்று நின்றுவிடும். "அந்தம்மா பாடினது நம்ம ஆளு குடுத்த கனியாலதானுங்க டீச்சர்" என்று அவர் மீண்டுவிடுவார் எனினும், அந்த ஒரு கணத் தயக்கம் மெய்யானது. மாமனிதர் பட்டியல் போடுபவர் எவரும் பட்டியலுக்குரிய செய்தியைப் பாடியோ எழுதியோ வைத்தவரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

வெளிநாட்டார் இதை வாக்கெடுப்பாகவே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2002ஆம் ஆண்டு பிபிசி நடத்தியதில் சர்ச்சில் வென்றார். 2007ஆம் ஆண்டு போர்ச்சுகல் தொலைக்காட்சி நடத்தியதில், பல பத்தாண்டுகள் அந்நாட்டைத் தன்பிடியில் வைத்திருந்த சர்வாதிகாரி சலாசார் முதலிடம் பெற்று, நடத்தியவர்களையே திகைக்கவைத்தார். இந்தியாவில் 2012ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் காந்தியடிகள் போட்டிக்கு அப்பாற்பட்டவர் என்று விலக்கப்பட, அம்பேத்கர் முதலாவதாக வந்தார். தரவரிசையார் இவற்றை மதிப்பதில்லை. காந்தியடிகளை விலக்கியதில் அவருக்கு மறுப்பில்லை. அதே மரியாதையை அதியமானுக்கும் அளித்து விலக்கியிருப்பார்கள் என்பது அவர் தரும் விளக்கம்.

அவரை வீழ்த்த வல்லது பெருஞ்சேரல் இரும்பொறையின் பெயர் ஒன்றுதான் என்று சிலர் எண்ணுவதுண்டு. தகடூரை முற்றுகையிட்டு அழித்த சேர மன்னன் அவன். பதிற்றுப்பத்தில் அவனைப் பாடிய அரிசில் கிழாருக்கு ஒன்பது நூறாயிரம் காணம் என்னும் பொற்காசுகளோடு அரியணையையும் கொடுக்க முன்வந்தவன், அதாவது வள்ளன்மையிலும் குறைந்தவனல்லன். புலவரோ அரியணையை அவனிடமே திருப்பியளித்து அமைச்சுப் பதவியை மட்டும் ஏற்றார். நெல்லிக்கனியோடு நிறுத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான எதிர்த்தட்டு கிடையாது. ஆனால் தரவரிசையார் இதற்கும் ஆயத்தமாகவே இருக்கிறார். "தகடூர் எறிந்தவன்னுதானுங்க அவனுக்குப் பட்டமே. சேர நாட்டுல இத்தனை ஊரு இருக்க, பேரு வாங்க நம்மூருக்குத்தானே வர வேண்டியிருந்தது?" என்று தொடங்கி, அந்தப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்னும் நூல் முழுமையாகக் கிடைக்காமல் சில பாடல்கள் மட்டும் 'புறத்திரட்டு' போன்ற தொகை நூல்களால் எஞ்சியிருப்பதையும், முழுநூல் கிடைத்திருந்தால் தீர்ப்பு எப்படி அமைந்திருக்கும் என்பதையும், காணாமற்போன பாடல்களின் பொருளையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்துரைப்பார். ஆகவே தருமபுரிப் பேருந்து நிலையத்தில் பென்னாகரம் வண்டிக்காக நிற்பவர்கள், டீ குடிக்கும் இடைவெளியில் இரும்பொறையின் பெயரை எக்காரணம் கொண்டும் எடுக்காதிருப்பது நல்லது. எடுத்துவிட்டவர்கள் அடுத்த வண்டியையும் நம்ப வேண்டாம்.