பாத சம்ஸ்கார விசாரம்

மனித சரீரத்தில் சிரசு பிரதானமா, பாதம் பிரதானமா என்ற கேள்விக்கு நம் முன்னோர் வெளிப்படையாக விடை கூறிச் சென்றார்களோ இல்லையோ, பெரியவர்களுக்குக் கடிதம் எழுதுங்கால் அவர்களுடைய தலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ‘பாதாரவிந்தங்களுக்கு’ நமஸ்காரம் எழுதியதையும், பெருமாள் கோயிலில் சடாரி என்ற பெயரால் பகவானுடைய திருவடியே பக்தன் தலைமீது வைக்கப்படுவதையும் நோக்குமிடத்து, அவர்களுடைய பட்சபாதம் எந்தப் பக்கம் என்பது நன்கு விளங்கும். (பட்சபாதத்தில் வரும் பாதம் வேறு, அதற்கு விழுதல் என்று பொருள். ஆராய்ச்சியாளன் இத்தகைய பள்ளங்களைப் பார்த்துக் கால் வைக்க வேண்டும்.) இத்தனை மகிமை வாய்ந்த அவயவத்துக்கு நாம் செய்யும் கைங்கரியமோ, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் துணி துவைக்கிற கல்லில் குதிகாலை நாலு தரம் உரசிவிட்டு வருவதோடு முடிந்துவிடுகிறது.

‘பெடிக்யூர்’ என்பது அந்நியச் சொல், ஆகவே அந்நிய வழக்கம் என்று ஒதுக்குவோர் அவசரக்காரர்கள். அச்சொல்லின் முற்பாதியாகிய லத்தீன் ‘பெட்’ என்பதும் வடமொழிப் ‘பாத’மும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த சகோதரர்கள் என்பது மொழிநூலார் ஒப்பிய முடிபு, பிற்பாதிக்குப் பராமரிப்பு என்று பொருள். அதாவது, பாதிச் சொல் நமக்குப் பங்காளி முறை. இன்னும் நுணுகினால், தமிழில் கால் என்றாலும் நாலில் ஒன்று, வடமொழியில் பாதம் என்றாலும் நாலில் ஒன்று. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நாலு பாதம் என்பது ஜோசியம் அறியாதவர்களுக்கும் தெரியும். இவ்விதியை நான் விலைவாசிக்குப் பொருத்திப் பார்த்தேன். சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் என் நண்பர் ஒருவர் 2,000 ரூபாய் கொடுத்துச் செய்துகொண்ட பாத சம்ஸ்காரத்தை, மாம்பலத்தில் ஒரு மாடியறையில் நான் 500 ரூபாய்க்குச் செய்துகொண்டேன். நட்சத்திரத்தில் ஒரு பாதம். கணக்கு பிசகவே இல்லை.

அந்த மாடியறைக்கு நான் சுயேச்சையாகப் போனேன் என்று எண்ண வேண்டாம். “தாத்தா, உங்க பித்தவெடிப்பு பட்டு என் பெட்ஷீட்டே நூல் நூலா வருது, கிளம்புங்க” என்று பேத்தி அழைத்துச் சென்றாள். (பித்தத்தின்மீது இப்பழி சுமத்தப்பட்டது அநியாயம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். உள்ளங்காலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் கிடையா. தோலும் அங்கேதான் மிகத் தடிப்பு. வறண்டு தடித்த தோல், உடம்பின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் ஓரத்தில் பிளக்கிறது. பித்தம் நிரபராதி.)

என்னை உயர்ந்த நாற்காலியில் அமர்த்தி, எதிரே ஒரு முக்காலியில் அங்கே வேலை செய்யும் பெண் அமர்ந்தாள். நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி, வெந்நீர், ஒரு கரண்டி ஷாம்பு, ஒரு பிடி உப்பு, பாதி எலுமிச்சம்பழம். “சூடு போதுமா சார்?” என்று கேட்டு, பத்து நிமிஷம் ஊறிய பிறகு ஒரு காலை எடுத்துத் தன் மடியில் விரித்த துண்டின்மேல் வைத்துக்கொண்டாள். இங்கேதான் சாஸ்திரம் சிக்கலாயிற்று. பிறர்மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள் என்று ஐந்து வயதில் கற்பிக்கப்பட்ட கை, என்னைக் கேளாமலே மூன்று முறை குனிந்து அவள் தோளைத் தொட்டுத் திரும்பிற்று. மூன்றாம் முறை அவள் சிரித்துவிட்டாள். “சார், இதான் சார் என் வேலை. ஆடாம இருங்க, நகக்கண்ணு பக்கத்துல கத்திரி இருக்கு.” பெருமாள் யுகம் யுகமாக லக்ஷ்மியிடம் காலைக் கொடுத்துவிட்டு எப்படித்தான் நிம்மதியாகப் பள்ளிகொண்டிருக்கிறாரோ, நான் அறியேன். பிறகு சொரசொரப்பான கல்லால் அவள் தேய்க்கத் தேய்க்க, அறுபது வருஷத்து நடையெல்லாம் ரேஷன் கோதுமை மாவைப்போல் துண்டின்மேல் உதிர்ந்தது. கட்டணத்தில் கால் எனக்கு, உழைப்பில் முக்கால் அவளுக்கு என்பதை அந்த முக்காலியே சொல்லிக்கொண்டிருந்தது.

இனி, மலிவானது மட்டம் என்ற பூர்வபட்சத்தை நிராகரிக்க வேண்டும். நட்சத்திர ஹோட்டலில் தொட்டியே நாற்காலியோடு இணைந்து, உள்ளே குழாய்கள் வழியாக நீர் சுழன்று சுழன்று வருமாம். நண்பர் அதை வர்ணித்தபோது எனக்குச் சற்றே பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் வாட்ஸன்வில் என்ற ஊரில், ஒரே நகக் கடையில் அத்தகைய சுழல்நீர்த் தொட்டிகளில் கால் வைத்த நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு, முழங்காலுக்குக் கீழே கட்டிகள் புறப்பட்டு மாதக்கணக்கில் ஆறாமல் படுத்தின. ஆராயப் புகுந்தவர்கள், நீர் உள்வாங்கும் சல்லடையைக் கழற்றியபோது, அதன் பின்னே முன்பு வந்தவர்களின் ரோமமும் தோல் துகளும் சேர்ந்து கிடந்ததையும், அந்த அழுக்கில் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூயிட்டம் என்ற கிருமி குடும்பம் நடத்தியதையும் கண்டார்கள். போவதற்குமுன் கால் ரோமத்தை மழித்துக்கொண்டவர்களையே அது அதிகம் பீடித்ததாம். என்னுடைய நீலத் தொட்டிக்கோ குழாயும் இல்லை, சல்லடையும் இல்லை. அழுக்கு ஒளிந்துகொள்ள ஒரு மூலையும் இல்லை. கவிழ்த்தால் காலி, தேய்த்தால் சுத்தம். இவ்விஷயத்தில் பிளாஸ்டிக் தொட்டியே சிரேஷ்டம் என்பது என் சித்தாந்தம்.

பலஸ்துதியை மிகைப்படுத்த விரும்பவில்லை. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வளருவதால் நகத்தின் சீர் சில வாரம் நிற்கிறது; குதிகால் அதற்குமுன்பே பழைய குணத்துக்குத் திரும்பிவிடுகிறது. பேத்தியின் படுக்கை விரிப்பு பதினெட்டு நாள் பிழைத்தது.

போக விரும்பும் அன்பர்கள் முதல்நாளோ அன்றோ காலை மழித்துக்கொள்ளாமல் போகவும். தொட்டியைத் தங்கள் கண்ணெதிரே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு உட்காரவும். ஐம்பதோ நூறோ கொடுக்க மனமிருந்தால், கல்லாவில் கொடுக்காமல், முக்காலியில் இருப்பவள் கையில் கொடுக்கவும்.