நடுமூளைக்கு ஃபீஸ் உண்டு

எட்டு வயதில் பிள்ளையின் கண்ணைக் கட்டி 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' வகுப்பில் உட்காரவைத்தார்கள், கட்டணம் ஆயிரக்கணக்கில். தூங்கிக் கிடந்த நடுமூளை விழித்துக்கொண்டதாம். கட்டிய கண்ணோடு ரூபாய் நோட்டின் நம்பரை அவள் வாசிக்க, அப்பா கைதட்டினார், அம்மா கண்கலங்கினார். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்த்துத்தான் வாசித்தாள். மங்களூர் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் மேடை மேடையாகச் சொன்னதும் அந்த இடுக்கைத்தான். இடுக்கை அடைத்தால் வித்தை காலி. வகுப்புகள்தான் காலியாகவில்லை.

பிறகு விரல்ரேகை டெஸ்ட். ரேகையை ஸ்கேன் செய்து, மூளையில் எந்தப் பகுதி கெட்டி, எது சோடை என்று வண்ணப்படம் போட்டுக் கொடுத்தார்கள். கிளி ஜோசியக்காரர் பத்து ரூபாயில் முடித்திருப்பார். பாவம், அவரிடம் லேப்டாப் இல்லை.

நடுமூளை உண்மையிலேயே தூங்கிவிட்டால் ஆள் கோமாவில் கிடப்பார். விழிப்பும் கண்ணசைவும் அதன் பொறுப்பு. அங்கே டோபமின் சுரக்கும் கரிய நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சாகும்போது வருவதுதான் பார்க்கின்சன். அந்தப் பிள்ளையின் வீட்டுக் கூடத்தில் டம்ளரை இரண்டு கையால் பிடித்தும் காபியைச் சிந்திக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கு அதுதான். அவர் விழுங்கும் லெவோடோபா மாத்திரை, 1957-ல் அர்விட் கார்ல்சன் முயல்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளைத்தது. முயல்களை முதலில் அசையவிடாமல் படுக்கப்போட்ட ரெசர்பைன், நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரில் இருப்பது. பேத்தி இதையெல்லாம் பிளஸ் ஒன்னிலேயே தேடிப் படித்துவிட்டாள். அதுதான் வினை.

"நான் நியூரோசயின்ஸ் படிக்கிறேன்" என்றாள்.

"ஏன்டி, நீட்ல மார்க் வராதா?" - அத்தை. "அதுக்கு ஸ்கோப் இருக்கா?" - சித்தப்பா. "ஏ.ஐ. எடு பாப்பா, அதுலயும் ஏதோ நியூரல்னு வருதே" - அடுத்த வீட்டு அங்கிள்.

வருகிறது ஐயா. அந்த நியூரல் நெட்வொர்க்குக்காக 2024-ல் இயற்பியல் நோபலில் பங்கு பெற்ற ஜெஃப்ரி ஹின்டன், 1970-ல் கேம்பிரிட்ஜில் வாங்கிய பட்டம் சோதனை உளவியல். மூளை எப்படி வேலை செய்கிறது என்று அறியப் புறப்பட்ட கிறுக்கர். உங்கள் தெருவில் பிறந்திருந்தால் மெக்கானிக்கல் முடித்துவிட்டு பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்.

சர்க்கார் மட்டும் சளைத்ததா? இளங்கலையில் இந்தப் பாடம் இதே பெயரில் கிடைப்பதே இங்கே அபூர்வம். விலங்கியலோ இயற்பியலோ உளவியலோ படித்து, சுற்றி வளைத்து மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்துக்கோ பெங்களூரு நிம்ஹான்சுக்கோ போய்ச் சேரவேண்டும். ஆய்வு மாணவருக்கான உதவித்தொகை தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய். முன்பு 25,000 ஆக இருந்ததை 31,000 ஆக்குவதற்கே 2019-ல் தெருவில் நின்றார்கள். மாதாமாதம் வருமென்று நம்பி யாரும் வாடகைக்கு வீடு பிடித்துவிடக் கூடாது.

2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி., கருநிலைச் சிசுக்களின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து வெளியிட்டதே, அன்று குடும்ப குரூப்பில் முதலில் ஃபார்வர்ட் செய்தவர் இதே அப்பாதான். கூடவே கைகூப்பும் எமோஜி மூன்று. அந்தச் சீவல்களை வெட்டியவர்கள் என்ன படித்தவர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மகளை பி.இ. கம்ப்யூட்டர் சயின்சில் தள்ளியாயிற்று. மேனேஜ்மென்ட் கோட்டா, அம்மாவின் நகை அடகில். அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன் அப்பாவிடம்.

"சின்னப் பொண்ணுங்க. மூளை இன்னும் முழுசா வளரல" என்றார்.