அப்பா பெயர், மகன் போட்ட பாதை

கேள்வி: ஓக்லஹோமா சிட்டி பொருட்காட்சித் திடலில் பழைய அரங்கத்துக்குப் பதிலாகப் புதிது கட்டிவிட்டார்களாமே! அறுபதெல்லாம் ஒரு கட்டடத்துக்கு வயதா?

பதில்: அது ஆடிய ஆட்டத்துக்கு அறுபது அதிகம்தான்! 1965-இல் திறந்த ஜிம் நோரிக் அரங்கம் அது. 1978 வரை அமெரிக்காவின் தேசிய ரோடியோ இறுதிப் போட்டி அங்கேதான். ரோடியோவின் ஒரு போட்டியில், திமிறும் காளை மேல் ஒற்றைக் கைப்பிடியில் எட்டு வினாடி தாக்குப்பிடிக்க வேண்டும். ரோடியோவுக்கு லாரி லாரியாக மண் கொட்டுவார்கள். அதை அள்ளிவிட்டுப் பலகைத் தளம் விரித்தால் பள்ளிப் பிள்ளைகளின் கூடைப்பந்து. சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே ஆடுவதே பிறவிப் பயனாக இருந்தது.

ஜிம் நோரிக் அந்நகர மேயராக இருந்தவர். அவர் மகன் ரான் நோரிக்கும் மேயரானார். டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி வசூலித்து, கடன் வாங்காமல் நகரைப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு 1993-இல் மக்களின் ஒப்புதல் பெற்றவர் மகன்தான். அதன் நான்காம் சுற்றுக்கு 2019-இல் மக்கள் வாக்களித்தார்கள்; அந்தப் பணத்தின் துணையோடு 2025-இல் புதிய கொலிசியம் எழுந்தது. அப்பா பெயர் தாங்கிய அரங்கத்துக்கு, மகன் போட்ட பாதையிலேயே வாரிசு வந்துவிட்டது!

புதியதற்கு ஒரு மின்சார நிறுவனத்தின் பெயர். நோரிக் பெயரே தொடர்ந்திருக்கலாம் என்பேன்.