பழைய லேப்டாப்பில் வைஃபை வரவழைப்பது எப்படி?

பீரோவின் அடித்தட்டில், பழைய வேட்டிகளுக்குக் கீழே லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கான கையேடு இது. அதன் பேட்டரி போய்விட்டது. சார்ஜர் வயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்துப் பிடித்தால் உயிர் வரும். எடைக்குப் போடலாம் என்று வீட்டில் முடிவான நேரத்தில் யாரோ ஒரு நண்பர், "லினக்ஸ் போடுங்க, புதுசு மாதிரி ஓடும்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்.

போட்டீர்கள். ஓடுகிறது. திரை பளிச்சென்று இருக்கிறது, ஸ்பீக்கர்கூடப் பேசுகிறது. மூலையில் வைஃபை சின்னம் வர வேண்டிய இடம் மட்டும் காலி.

அந்தக் காலி இடத்தை நிரப்பும் வழிகளைக் கீழே தருகிறோம். கடினமான வழியில் தொடங்கி எளிய வழியில் முடித்திருக்கிறோம். எளியதை முதலில் சொன்னால் நீங்கள் அடுத்த பத்திக்கு வரமாட்டீர்கள். கையேடு எழுதுகிறவர்களும் பிழைக்க வேண்டாமா?

தேவையான பொருட்கள்

லேப்டாப் (பழையது) – 1
இணையம் உள்ள இன்னொரு கணினி – 1 (முதல் கணினியில் ஏன் இணையம் இல்லை என்று தேட)
பென் டிரைவ் – 1
ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் – 1
ஆண்ட்ராய்டு போன், சார்ஜ் போடும் கேபிள் – தலா 1 (படி 8 வரை தொடக்கூடாது)
பொறுமை – வீட்டிலுள்ள மற்றவர்களுடையது, தேவையான அளவு

படி 1: ஜாதகம் பாருங்கள்

லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களை நம்பாதீர்கள். அவை பிராசசரின் பெருமையைப் பாடும். வைஃபை சிப்பைப் பற்றி வாய் திறக்காது. டெர்மினலைத் திறந்து, எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை என்என் என்ற வாலோடு சேர்த்துத் தட்டுங்கள். நெட்வொர்க் என்ற சொல் வரும் வரியில், சதுர அடைப்புக்குள் நான்கு இலக்கமாக இரண்டு எண்கள் நிற்கும். முதலாவது குலம், இரண்டாவது பிள்ளை.

முதல் எண் 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்த தன் புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அந்த நிறுவனம் அடையாள எண்ணாகவும் வைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு டிரைவர் கர்னலிலேயே இருக்கும், ஃபர்ம்வேரும் எளிதில் கிடைக்கும். 168சி என்றால் ஏதராஸ். அந்தக் காலத்து ஏதராஸ் கார்டுகள் பலவற்றுக்கு ஃபர்ம்வேரே வேண்டாம். இந்த இரண்டில் ஒன்று வந்திருந்தால் உங்களுக்கு யோகம். நேராகப் படி 6-க்குப் போய்விடுங்கள்.

14இ4 என்று வந்தால் பிராட்காம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

இரண்டாவது எண்ணைப் படிக்கும்போது பதறக்கூடாது. 4312 என்ற எண்ணுள்ள சிப்பின் பெயர் பிசிஎம்4311. பிசிஎம்4312 என்ற பெயருள்ள சிப்பின் எண் 4315. முன்னதைத் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர் வெகுநாளாக ஓட்டிக்கொண்டிருந்தது. பின்னதை அது ஏற்றுக்கொண்டது 2009 இறுதியில் வந்த 2.6.32 கர்னலில்தான். ஆகவே பெயரைச் சொல்லி வைத்தியம் கேட்டால் வேறொருவரின் மருந்து உங்களுக்கு வந்து சேரும். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 2: வரலாறு படியுங்கள்

வைஃபை இல்லாத மாலைகளில் வரலாறு நன்றாக ஏறும்.

அந்தக் காலத்தில் பிராட்காம் தன் லேப்டாப் சிப்புகளுக்கு லினக்ஸ் டிரைவர் தரவில்லை. சிப் எப்படி வேலை செய்கிறது என்ற குறிப்பையும் தரவில்லை. ஆர்வலர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்தார்கள். ஒரு கோஷ்டி நிறுவனத்தின் டிரைவரைப் பிரித்து மேய்ந்து, சிப்பிடம் என்ன சொன்னால் அது என்ன செய்கிறது என்று எழுதி வைத்தது. மற்ற கோஷ்டி அந்த டிரைவரின் பக்கம் தலைவைத்தும் படுக்காமல், எழுதி வைத்ததை மட்டும் படித்துப் புது டிரைவர் எழுதியது. காப்பியடித்தார்கள் என்று நாளைக்கு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாதபடி இந்த ஏற்பாடு. 2006-இல் 2.6.17 கர்னலில் அந்த டிரைவர் சேர்ந்தது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கர்னலில் அதன் வாரிசான பி43 வந்து உட்கார்ந்தது.

டிரைவர் ஆயிற்று. ஆனால் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் நிறுவனத்தின் சொத்து. பிறர் அதை விநியோகிக்க அனுமதி இல்லை. எனவே நிறுவனத்தின் டிரைவர் கோப்பை இறக்கி, அதன் வயிற்றிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுக்க எஃப்டபிள்யூகட்டர் என்றொரு கருவி செய்தார்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் இந்த வேலை முழுவதையும் உங்களுக்காகச் செய்ய ஒரு பேக்கேஜே இருக்கிறது. அதற்குள் ஃபர்ம்வேர் இருக்காது. நிறுவியவுடன் அது இணையத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு வரும்.

இணையத்துக்கு! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று ஊரில் சொல்வார்களே, அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள்.

நடுவில் நல்ல செய்தி வராமல் இல்லை. 2010 செப்டம்பரில் பிராட்காம் மனம் இளகி, 4313, 43224, 43225 ஆகிய சிப்புகளுக்குத் திறந்த மூல டிரைவர் வெளியிட்டது. உங்களுடையது அதற்கு முந்தைய தலைமுறை. 2022-இல் டெபியன்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த டெபியன் 12 முதல் கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரையும் நிறுவும் கோப்பிலேயே சேர்த்துக்கொடுக்க ஆரம்பித்தார்கள். விநியோகிக்க அனுமதி உள்ளவற்றை மட்டும். உங்களுடையதற்கு அது கிடையாது என்று இரண்டு பத்திக்கு முன்பே சொன்னோம்.

படி 3: பென் டிரைவில் யாத்திரை

பிராட்காம் பிற்பாடு லினக்ஸுக்கென்று தானே ஒரு மூடிய டிரைவர் கொடுத்தது. அதற்கு டபிள்யூஎல் என்று பெயர். இணையமுள்ள கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவுங்கள். டிகேஎம்எஸ் எங்கே என்று கேட்கும். போய்க் கொண்டுவாருங்கள். கர்னல் ஹெடர் எங்கே என்று கேட்கும். உங்கள் கர்னலின் பதிப்பு எண்ணோடு கடைசி இலக்கம்வரை ஒத்துப்போகும் ஹெடர்தான் வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் இன்னொரு நடை. அது வந்ததும் ஜிசிசி கேட்கும், பிறகு மேக் கேட்கும். மொத்தமாகப் பட்டியல் கொடுத்தால் என்னவாம் என்று அதனிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

எல்லாம் முடிந்ததும் ஒரே கார்டுக்கு இரண்டு டிரைவர்கள் உரிமை கொண்டாடும். பி43, எஸ்எஸ்பி, பிசிஎம்ஏ ஆகியவற்றைத் தடைப்பட்டியலில் எழுதி வையுங்கள். எழுதியதை உடனே மறந்துவிடுங்கள். பின்னொரு நாள் பி43-க்கே திரும்பும்போது, அது ஏன் எழுந்திருக்க மறுக்கிறது என்று விடிய விடியத் தேட இது உதவும்.

படி 4: விண்டோஸை வாடகைக்கு எடுங்கள்

தேடிப் பார்த்தால் 2008-ஆம் ஆண்டின் அறிவுரைகள் இன்றும் வாடாமல் கிடைக்கும். எல்லாம் என்டிஐஎஸ்ராப்பரைச் சிபாரிசு செய்யும். லினக்ஸுக்குள் விண்டோஸ் மாதிரி நடித்து, விண்டோஸ் டிரைவரையே ஏமாற்றி வேலை வாங்கும் மென்பொருள் அது. விண்டோஸ் வேண்டாம் என்று துடைத்துப் போட்டவர், அதன் டிரைவர் சிடியைத் தேடிப் பரணில் ஏற வேண்டும்.

விஸ்டா டிரைவர் ஆகாது, எக்ஸ்பி டிரைவர்தான் ஆகும். உங்கள் லினக்ஸ் 64 பிட் என்றால் டிரைவரும் 64 பிட் எக்ஸ்பிக்கு எழுதியதாக இருக்க வேண்டும். 64 பிட் எக்ஸ்பி வைத்திருந்தவரை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. இத்தனையும் கிடைத்தாலும் புதிய கர்னலில் என்டிஐஎஸ்ராப்பர் பெரும்பாலும் கம்பைல் ஆகாது. அதனால் என்ன, முயற்சி திருவினையாக்கும். முயன்றுவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 5: ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்

பிராட்காம் கார்டைக் கழற்றிவிட்டு வேறு கார்டு போட்டால் என்ன என்று இந்நேரம் தோன்றியிருக்கும். பின்மூடியைத் திறந்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கார்டும், அதில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்களும் தெரியும். எந்த வயர் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். (போனை இதற்குமேல் எதற்கும் பயன்படுத்தக்கூடாது.)

புதுக் கார்டைப் பொருத்தி, பவர் பட்டனை அமுக்குங்கள். பழைய திங்க்பேட் என்றால் 1802 என்ற எண்ணோடு, அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு செருகப்பட்டிருக்கிறது, அணைத்துவிட்டு அதைக் கழற்று என்று கறுப்புத் திரையில் உத்தரவு வரக்கூடும். பயாஸுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத கார்டு உள்ளே இருந்தால் லேப்டாப் லினக்ஸ்வரைக்கும்கூட வராது. காசு கொடுத்து வாங்கியது நீங்கள். விருந்தாளிப் பட்டியல் அதனுடையது.

சரி, யுஎஸ்பி டாங்கிள் வாங்கலாம் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புவீர்கள். "எல்லாத்துலயும் ஓடும் சார்" என்பார் கடைக்காரர். எல்லாம் என்பதில் அவர் கணக்கில் லினக்ஸ் சேராது. மாடல் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு போவதும் போதாது. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற பிரபலமான டாங்கிளின் முதல் பதிப்பில் இருந்தது லினக்ஸோடு சொந்தக்காரனைப் போலப் பழகும் ஏதராஸ் ஏஆர்9271 சிப். இரண்டாம் பதிப்பில் பெயர் அதேதான். உள்ளே இருப்பது ரியல்டெக். எதைக் கேட்டு வாங்கினாலும் வீட்டுக்கு வந்து படி 1-இல் பார்த்த மாதிரி எண் பார்க்க வேண்டியிருக்கும். இம்முறை கட்டளை எல்எஸ்யுஎஸ்பி.

படி 6: பட்டியலில் உங்கள் வீட்டைத் தேடுங்கள்

ஏதோ ஒரு புண்ணியத்தில் டிரைவர் எழுந்துவிட்டது. சின்னம் வந்துவிட்டது. அதை அமுக்கினால் மாடிவீட்டு வைஃபை தெரிகிறது, எதிர்வீட்டு வைஃபை தெரிகிறது, உங்கள் வைஃபை மட்டும் இல்லை, அல்லது இருந்தும் உள்ளே விட மறுக்கிறது. காரணங்கள் மூன்று.

ஒன்று, உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும். ரவுட்டரில் இரண்டையும் திறந்துவிடுங்கள். இரண்டு, ரவுட்டர் 13-ஆம் சேனலில் இருக்கிறது. இந்தியாவில் அது செல்லும். உங்கள் கார்டு தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு 11-ஓடு நிறுத்திவிடும். சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். மூன்று, பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டை ஏற்காமல் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டுமே பேசும்படி வைக்கப்பட்டிருக்கலாம். 2018-இல் வந்த அந்தப் பாஷை உங்கள் கார்டுக்குத் தெரியாது. டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள்.

படி 7: சுவிட்சைப் பாருங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லையென்றால் ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று தட்டுங்கள். சாஃப்ட் பிளாக், ஹார்ட் பிளாக் என்று இரண்டு வரி வரும். முதலாவதற்கு எதிரே 'ஆம்' என்றிருந்தால் ஒரு கட்டளையில் எடுத்துவிடலாம். இரண்டாவதற்கு 'ஆம்' என்றிருந்தால் உலகத்துப் புரோகிராமர்கள் அத்தனை பேரும் திரண்டு வந்தாலும் எடுக்க முடியாது. லேப்டாப்பின் விளிம்பில் இருக்கும் நகத்தளவு சுவிட்சைத் தள்ள வேண்டும்.

பழைய திங்க்பேட்களில் முன்விளிம்பில் இருக்கும். டெல் லேட்டிட்யூடுகளில் பக்கவாட்டில். எச்பியில் கீபோர்டுக்கு மேலே ஆரஞ்சு விளக்காக எரியும், தொட்டால் நீலமாகும். லினக்ஸில் வைஃபை வந்த பிறகும் ஆரஞ்சாகவே நிற்பதும் உண்டு. இதை வழக்கமாகக் கண்டுபிடிப்பது வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான். "அப்பா, இது எதுக்குப்பா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளிவிடும். அந்த நேரத்தில் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "அங்கேதான் வந்துகிட்டிருந்தேன்" என்று சொல்லப் பழகுங்கள்.

படி 8: கேபிளைச் செருகுங்கள்

போனையும் லேப்டாப்பையும் சார்ஜ் கேபிளால் இணையுங்கள். போனின் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கைத் தட்டுங்கள். அவ்வளவுதான், இணையம் வந்துவிட்டது. போனை ஒரு வயர் நெட்வொர்க் கார்டு என்று லினக்ஸ் நம்பிவிடும். அதற்கான டிரைவர் கர்னலில் ஏற்கனவே இருக்கிறது. பெரும்பாலும் எதையும் நிறுவ வேண்டியதில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கேபிள் வழியாகத் தரும், டேட்டா செலவுகூட இல்லை. இந்த இணையத்தை வைத்து படி 2-இன் பேக்கேஜை ஒரே கட்டளையில் நிறுவி, லேப்டாப்பை அணைத்துப் போட்டால் கல்யாணமும் ஆகிவிடும், பைத்தியமும் தெளிந்துவிடும்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று பற்களைக் கடிப்பவர்களுக்கு: சொல்லியிருந்தால் உங்களுக்கு வைஃபை மட்டும்தான் கிடைத்திருக்கும். 4312-க்கும் 4315-க்கும் உள்ள உறவுமுறை கிடைத்திருக்காது. அது எதற்கும் உதவாது என்பது வேறு விஷயம்.

படி 9: ஜெயித்த பிறகு

டபிள்யூஎல் டிரைவரில் நிற்பவர்கள் கர்னல் அப்டேட் வரும்போது சுபமுகூர்த்தம் பார்த்துச் செய்யவும். புதுக் கர்னலுக்கு டிகேஎம்எஸ் அந்த டிரைவரை மறுபடி கம்பைல் செய்யும், அல்லது செய்ய மறுக்கும். பழைய கர்னலை அழிக்காமல் வைத்திருங்கள்.

வேகம் பற்றி அதிகம் விசாரிக்காதீர்கள். 2003-இல் வந்த ஜி வகைக் கார்டின் 54 மெகாபிட் என்பது அட்டைப்பெட்டியில் போட்ட கணக்கு. கைக்கு வருவது அதில் பாதிக்கும் கீழே. அதுவும் அதிகம்தான். 1 ஜிபி ரேமில் பிரவுசரைத் திறந்து இரண்டாவது டேபை அமுக்கினால் இன்ஜின் திணறி, ஃபேன் கத்தும்.

இனி நீங்கள் லினக்ஸ் தெரிந்தவர். தெருவில் செய்தி பரவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது பழைய லேப்டாப்பைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, "வைஃபை வரலீங்க, நீங்க பார்ப்பீங்களாமே" என்று நிற்பார். சுவிட்சையும் கேபிளையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். சொன்னால் நன்றி சொல்லிவிட்டு உடனே போய்விடுவார். சொல்லாமல் படி 1-இல் தொடங்கினால் மாதக் கடைசிக்குள் அவரும் ஒரு நிபுணர். லினக்ஸ் சமூகம் இத்தனை ஆண்டுகளாக வளர்ந்துவருவது இரண்டாவது வழியில்தான்.