தேவாரத்து ஜீப் ஆயிலில் உலோகத் துணுக்கு: ஒரு பூர்வாங்க ஆய்வு

எஞ்சின் ஆயில் மாற்றும்போது பழைய எண்ணெயோடு வந்து விழும் உலோகத் துணுக்குக்கு உரை எழுத எந்த உரையாசிரியரும் முன்வரவில்லை. அக்குறையைப் போக்கத் தேனி மாவட்டம் தேவாரத்தில், சாலையோரப் பட்டறை ஒன்றில் இவ்வாய்வு நிகழ்த்தப்பட்டது. ஆய்வுப்பொருள், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பழைய டீசல் ஜீப் ஒன்று. உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் அவர் பெயரும், வண்டி எண்ணும், ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கையும் மறைக்கப்படுகின்றன. மூன்றாவதை மறைப்பதில் அவர் தனி அக்கறை காட்டினார்.

களத்தேர்வுக்குக் காரணம் உண்டு. தேவாரத்துக்குப் பக்கத்துப் பொட்டிப்புரத்தில்தான், போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய். உள்ளே வைக்க இருந்தது காந்தமேற்றிய இரும்பு 50,000 டன். நியூட்ரினோ இரும்பில் மோதும்போது பிறக்கும் மியூவானைக் காந்தம் எந்தப் பக்கம் வளைக்கிறது என்று பார்ப்பது திட்டம். ஊர் மக்கள் எதிர்த்தார்கள், தமிழ்நாடு அரசும் வேண்டாமென்றது, மலை முழுதாக நிற்கிறது. ஆக, இரும்பையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு மறைந்து கிடப்பதைக் கண்டறியும் பணி இவ்வட்டாரத்தில் பட்டறை மெக்கானிக்கின் தலையில் விழுந்திருக்கிறது. அவருடைய கருவி, செத்துப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். சுற்றுச்சூழல் அனுமதி கோரப்படவில்லை.

துணுக்கின் இலக்கணம் நிறம், வடிவம், காந்தம் என மூன்றில் அடங்கும். காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவாக ஒட்டினால் இயல்பான தேய்மானம். ஓடுகிற எஞ்சின் தேயத்தான் செய்யும். ஒட்டாமல் வெள்ளையாகப் பளபளத்தால் அலுமினியம். பிஸ்டனை நினைத்துக் கவலைப்படலாம். செம்பு நிறத்தில் ஜிகினாத் தூளாக மின்னினால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து உள்ளடுக்கு வெளிவந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் உரிமையாளர் முகத்தைப் பார்க்காமலிருப்பது பண்பு. சுருளாக வந்தால் உலோகத்தை உலோகம் சீவியிருக்கிறது. அலுமினிய சம்ப் வைத்த புதுக் கார்களில், டிரெயின் போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கியவரின் கைவண்ணமும் இப்படிச் சுருளாக வரும். அதற்கு எஞ்சின் பொறுப்பாகாது.

அளவை அறிய, ஏலக்காய் ஸ்டோர் ஒன்றிலிருந்து 8, 7, 6 மில்லிமீட்டர் சல்லடைகள் இரவல் பெறப்பட்டன. எட்டில் நிற்கிற காய்க்குத்தான் போடி ஏலத்தில் மரியாதை. நம் துணுக்குகளில் ஒன்றே ஒன்று ஆறில் நின்றது. வளைந்த துண்டு, காந்தத்தில் ஒட்டியது.

இது எதன் துண்டு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஜீப்காரர் முதலில் முன்வைத்தது எல்லாப் பட்டறைகளிலும் செல்வாக்குள்ள 'முன்னவர் கோட்பாடு': "அண்ணே, இது போன தடவை எஞ்சின் வேலை பார்த்தவன் உள்ளே விட்டுட்டுப் போனதுண்ணே."

"போன தடவை பார்த்தது நான்தான் தம்பி."

கோட்பாடு உடனே திருத்தப்பட்டது. பழி, வண்டியை விற்ற கம்பத்துக்காரர்மேல் போய் உட்கார்ந்தது. இதைச் சிரித்துத் தள்ளவும் முடியாது. ஆயில் பம்பின் வாயில் வலை இருக்கிறது. பெரிய துண்டு அதைத் தாண்டாது. எனவே ஒரு துண்டு வருடக்கணக்கில் சம்ப்பின் அடியில் யாருக்கும் தொல்லையின்றிக் குடியிருக்கலாம். சுற்றி வந்ததா, கிடந்ததா என்பதை பில்டரைப் பிளந்து, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். நம் மெக்கானிக் அதை ஆக்சா பிளேடால் அறுத்தார். உள்ளே ஏராளமான இரும்புத்தூள் இருந்தது. அதில் எஞ்சின் தந்தது எவ்வளவு, பிளேடு தந்தது எவ்வளவு என்ற கேள்வியை எழுப்பியதற்காக ஆய்வாளர் டீ வாங்கிவர அனுப்பப்பட்டார்.

மேல்நாட்டார் இதையே இயந்திரம் வைத்துச் செய்கிறார்கள். அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில்வே 1946-லேயே தன் டீசல் எஞ்சின்களின் பழைய எண்ணெயை நிறமாலைக் கருவியில் எரித்து, எந்த உலோகம் எவ்வளவு என்று பார்க்கத் தொடங்கியது. ஆனால் அவ்வகைக் கருவி சுமார் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரியாகக் கணக்கில் எடுக்காது. நம் ஆறு மில்லிமீட்டர்த் துண்டைப் பொறுத்தவரை அது பிறவிக் குருடு. இவ்விடத்தில் மெக்கானிக்கின் விரல்நுனியே மேம்பட்டது என்பது இவ்வாய்வின் துணிபு.

காரணங்களுக்கு வருவோம். ஊருக்கு நேர் மேலே சாக்குலூத்து மெட்டு. ஜீப் போகும் சாலை கேட்டு நெடுநாளாக மனுக் கொடுக்கிறார்கள். சாலை இல்லாததால் வண்டி போடிக்குப் போய், 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியாகச் சுற்றுகிறது. பாரத்தோடு சின்ன கியரில் நெடுநேரம் ஏற்றம்; ஆயில் மட்டம் குறைந்திருந்தால் சரிவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் காயும். எனவே இத்தேய்மானத்தில் ஒரு பங்கை அந்த மனுக்கள் உறங்கும் கோப்புகளின் பற்றில் எழுதலாம். இன்னொரு பங்கு, மேலே மறைக்கப்பட்ட எண்ணிக்கையின் பற்றில்.

எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக். காய் எடுப்பு முடியட்டும் என்றார் ஜீப்காரர். புது ஆயில் ஊற்றப்பட்டது. பழைய ஆயிலை, மரக்காலுக்குக் கரையான் ஏறாமல் பூச ஒருவர் கேனில் வாங்கிப் போய்விட்டதால் மறு ஆய்வுக்கு வழியில்லை. சல்லடைகளில் எண்ணெய் வாடை போகவில்லை. ஸ்டோர்க்காரர் புதுச் சல்லடைக்குக் காசு கேட்கிறார். ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.