மேல மட்டும் பாக்காதல, பேராண்டி!

ஏலே பேராண்டி, சிசிலித் தீவுக்கு டூர் போறியாம்லா. அங்கன உள்ள கோயில் ஒண்ணுவிடாமப் பாத்து, ‘கலப்படமில்லாத கிறிஸ்தவக் கட்டடக்கலை’ன்னு வீடியோ போடப் போறேன்னு உங்கம்மை சொன்னா. போடு, நல்லாப் போடு. ஆனா கலப்படம் உன் கண்ணுல பட்டுறக் கூடாதே, அதுக்குத்தான் தாத்தன் புத்தி சொல்லுதேன்.

பலெர்மோவுல ரெண்டாம் ரோஜர் ராசா 1132-ல தன் அரமனைக்குள்ளயே ஒரு கோயில் கட்ட ஆரம்பிச்சான். உள்ள நுழைஞ்சதும் சுவத்தோட நிப்பாட்டிக்கோ. தங்க மொசைக்ல ஏசுநாதர் இருக்காரு, கும்பிட்டுக்கோ. அதுவும் பைசாந்தியக் கைவரிசைதான், போகட்டும். அதுக்கு மேல அண்ணாந்து பாத்தியோ, கெட்ட! நடுக்கூடத்து விதானம் முழுக்க மரத்துல தேன்கூடு கணக்கா அடுக்கடுக்காக் குடைஞ்சு தொங்குது. முகர்னாஸ்ங்கிறாவ. மசூதிகள்லயும் சுல்தான் மாளிகைகள்லயும் பாக்குத வேலை. இங்கன செஞ்சதும் முஸ்லிம் ஆசாரிமாருதான். சும்மாவா போனாவ? ராசாவுக்கு நலமும் வெற்றியும் செழிப்பும் கிடைக்கட்டும்னு அரபியில எழுதிவச்சிட்டுப் போயிருக்காவ. படம் வேற! கிண்ணத்தோட குடிக்கிறவன், நரம்பு வாத்தியம் மீட்டுதவன், ஆடுத பொம்பளை, உக்காந்து சதுரங்கம் ஆடுத ரெண்டு பேரு. கீழ பூசை, மேல கச்சேரி. அந்தக் கோயில்ல பிரசங்கம் எம்புட்டு நீண்டாலும் எவனும் கொட்டாவி விட்டிருக்க மாட்டாம்ல.

ரோஜருக்கு ரோசம் இல்லையான்னு கேப்ப. அவன் அப்பனும் பெரியப்பனும்தான் 1072-ல அரபு ஆட்சிகிட்டருந்து பலெர்மோவைப் புடிச்சாவ. சண்டையில தோத்தவனுக்கு உளி பிடிக்கவும் தெரியாதுன்னு நினைக்க, அவன் என்ன உன்னை மாதிரி படிச்சவனா? அவன் பட்டு அங்கி ஓரத்துலயே அரபி எழுத்து ஓடுது. பின்னால வந்த புனித ரோமச் சக்கரவர்த்திமாரு அதைப் போத்திக்கிட்டுத்தான் முடி சூடினாவ. இப்ப அது வியன்னாவுல இருக்கு. அந்தப் பக்கமும் போயிராத.

பலெர்மோ பெரிய கோயிலுக்குப் போனா தெக்கு வாசல் வேண்டாம். அங்கன ஒரு தூண்ல குர்ஆன் வசனமே செதுக்கியிருக்கு. அரபு காலத்துல அந்த இடம் மசூதில்லா!

லண்டன்ல செயின்ட் பால் கோயிலைக் கட்டின கிறிஸ்டோபர் ரென் எழுத்தையும் தொட்டுறாத. ‘கோதிக்’னு நீ கும்பிடுத பாணியே முஸ்லிம்கள்ட்டருந்து வந்ததுன்னு எழுதிவச்ச மனுசன். அவரு சொன்னது அத்தனையும் சரின்னு நான் சொல்லல. ஆனா நீ தாங்கமாட்ட.

கடைசியா ஒண்ணு. ரோஜருக்கும் ஒரு பேரன் இருந்தான், ரெண்டாம் பிரெடரிக். பாட்டன் கூப்பிட்டு வேலை வாங்கின சனத்தை, 1220-கள்ல இருந்து சிசிலியைவிட்டுக் கிளப்பி, இத்தாலிப் பெருநிலத்துல உள்ள லுச்சேராவுல கொண்டுபோய்க் குடிவச்சான். ஆனா அந்த விதானத்துல கைவைக்கல. பேரம்மாருக்கும் எங்கயோ கொஞ்சம் புத்தி ஒட்டிக்கிட்டிருக்கும் போல.